ஈரமண் கூடை

எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு வருஷம் குடியிருந்த டீச்சருக்குக் கதை என்றால் உயிர். ஆனால் ஒரு கதையையும் அவள் உயிரோடு விட்டதில்லை.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள், தெருவில் எதிரே வருகிறார்கள். டீச்சர் பெயரும் வேண்டாம். என்னைப் பற்றிச் சொல்வதென்றால், பாதி ஆயுசு உப்பளத்தில் கூடை சுமந்தவள். எழுத்துக் கற்றுக்கொண்டது ஐம்பது வயசுக்கு மேலே. ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆகட்டும், நான் எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்? எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இருக்காது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், ஒரு டிரங்குப் பெட்டியும் மூணு மூட்டைப் புத்தகமுமாக வந்து இறங்கினாள். தெற்கே எங்கேயோ ஊர். பன்னிரண்டாவது படிக்கிற பெண்களுக்குத் தமிழ் நடத்த வந்தவள். முதல் மாசம் அவளை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். என் கருவாட்டுக் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்ட அன்றைக்கு 'வா, போ' ஆகிவிட்டது. அவள் என்னை அம்மா என்றாள். ஆயா என்று கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பேன். இந்த ஊரில் என்னை ஆயா என்று கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. எல்லாருக்கும் நான் பெரிம்மாதான்.

அவள் பாடம் நடத்துகிற விதம் எனக்கு எதிர்வீட்டு சுமதி மூலமாகத்தான் தெரிந்தது. சுமதியின் அம்மா உப்பளத்தில் எனக்குப் பின்னால் கூடை சுமந்து வந்தவள். சுமதி பன்னிரண்டாவது. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெண் வாசலில் பெரிய அட்டையைப் போட்டு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, கணக்குப் பாடமா?"

"தமிழ் பெரிம்மா."

"தமிழுக்கு எதுக்குடி கோடு?"

பாடப் புத்தகத்தில் ஒரு கதையாம். ராஜா வேட்டைக்குப் போய்க் காட்டில் வழி தவறிவிடுகிறார். குடிசையில் இருக்கிற கிழவர் அவரை உட்காரவைத்து விருந்து போடுகிறார். ராஜா மனசு குளிர்ந்து கிழவருக்கு ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுக்கிறார். விருந்தோம்பலின் பெருமை. எத்தனையோ வாத்தியார்கள் நடத்திக் கரைத்த பாடம். டீச்சர் வகுப்பில் கேட்டாளாம், "சோறு, அஞ்சு வகைக் கறி, பாயசம். கிழவர் ராஜாகூடப் பேசிக்கிட்டே இருக்கார், எழுந்திரிக்கவே இல்ல. அப்போ சமைச்சது யாரு?"

உடனே புத்தகம் முழுக்கத் தேடச் சொல்லிவிட்டாள். அந்த அட்டையில் மூணு கட்டம். பாடம், சாப்பிட்டவர், சமைத்தவர். முதல் இரண்டு கட்டமும் நிரம்பி வழிந்தன. மூணாவது கட்டத்தில் ஒரு எறும்பு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் மாடிக்கே போய்க் கேட்டேன். "ஏம்மா, சோறு யாரு ஆக்கினா இன்னா? ராஜா பசியாறினாரா இல்லியா?"

"ராஜா பசியாறிட்டாரும்மா. ஆக்கினவங்க சாப்ட்டாங்களான்னுதான் கதையில இல்ல."

அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்தது, இறங்கி வந்துவிட்டேன்.

இப்படிக் கேள்வி கேட்பதற்கு என்ன பேர் என்று இன்னொரு நாள் விசாரித்தேன். பெண்ணியப் பார்வை என்றாள். அப்படியென்றால்? "கதையில வர்ற பொம்பளை எந்தப் பக்கம் இருந்து அதைப் பாத்திருப்பாளோ, அந்தப் பக்கம் போய் நாமளும் பாக்கறதும்மா." இதற்குப் போய் காலேஜில் இத்தனை வருஷம் படித்தாளா என்று நினைத்தேன். வெளியில் சொல்லவில்லை. படித்தவர்களை நான் மட்டம் தட்டுவதில்லை, அவர்களாகவே தட்டிக்கொள்கிற வரைக்கும்.

புரட்டாசியில் கோயிலில் மைக் கட்டிச் சொற்பொழிவு நடந்தது. பட்டு வேட்டி கட்டினவர் ஒருத்தர் திண்டிவனத்திலிருந்து வந்து, ஒரு பத்தினி புருஷனுக்காக ஏழு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒற்றைக் காலில் நின்ற கதையை உருக்கமாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் பக்கத்தில் ஒரு கை, வகுப்பில் தூக்குகிற மாதிரி மேலே போனது. பார்த்தால் நம்ம டீச்சர்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்த ஏழு நாளும் அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

மைக் கீச்சென்று கத்தியது. பட்டு வேட்டிக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவருக்கு ஏழு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "தவத்தில் இருந்தார்" என்றார் கடைசியில். "அப்போ அவருக்குச் சாப்பாடு?" என்றாள் இவள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். சுண்டல் கொடுக்கிறபோது எங்கள் வரிசைக்கு மட்டும் கை சுருங்கிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் வாங்கிப் படித்துவிட்டு, "பொண்ணோட அம்மா பேரு எங்கண்ணே?" என்பாள். கொடுக்க வந்தவர்கள் அடுத்த தடவை என் வீட்டு வாசலோடு கொடுத்துவிட்டுப் போனார்கள், "மாடிக்கும் சேத்து நீங்களே வந்துடுங்க பெரிம்மா" என்று.

ஊருக்கு ஒரு மாதிரி, வீட்டுக்கு ஒரு மாதிரி என்று அவளைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சாப்பிட்டால், "இது அம்மா ஆக்கினது" என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பாள். என்னவோ எனக்கே தெரியாத மாதிரி. சாப்பிட்டதும் பாத்திரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தேய்ப்பாள். தேய்ப்பது மட்டும் சுத்தமாக வராது. அவள் போனதும் நான் மறுபடி ஒரு தடவை தேய்ப்பேன். சமையலோ கேட்கவே வேண்டாம். அவள் செய்த உப்புமாவை ஒரு தடவை கோழிக்கு வைத்தேன். கோழி என்னைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் அவள் அம்மாவிடம் பேசுவாள். நானும் கூடப் போவேன், என் தங்கச்சிக்குப் பேச. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே அவள் நிற்கிறது தெரியும். அந்தப் பக்கம் அம்மாக்காரி ஏதோ ஒரு மாப்பிள்ளைக் கதையை நீளமாகச் சொல்லிக்கொண்டே போவாள். உலகத்தில் எல்லாக் கதையையும் குறுக்கே வெட்டுகிற இந்தப் பெண், "ம்... ம்... சரிம்மா... ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். வெளியே வந்தால் எனக்கு முன்னால் வேகவேகமாக நடப்பாள். நான் எதுவும் கேட்கமாட்டேன். கேள்வி கேட்பது அவள் வேலை.

அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தங்கினோம். அரிசி கொடுக்க, விண்ணப்ப பாரம் நிரப்ப ஆள் தேவைப்பட்டது, இவள் பேனாவோடு உட்கார்ந்தாள். பாரத்தில் முதல் கட்டம் குடும்பத் தலைவர் பெயர். வருகிற ஒவ்வொருத்தரிடமும், "உங்க வீட்ல உலை வைக்கிறது யாரு?" என்று கேட்டு அந்தப் பொம்பளை பேரைத் தலைவராக எழுதினாள். எங்கள் தெரு பாரம் முழுக்கப் பொம்பளை பேர். மேலே இருந்த ஆபீசர் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார், ரேஷன் கார்டோடு ஒத்துப்போகவில்லை என்று. மற்ற தெருக்களுக்கு அரிசி வந்து மூணு நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது.

"உனக்குக் கேள்வி, எங்களுக்குப் பட்டினியா?" என்று சுமதியின் அம்மா அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். நானும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரே நாளில் அத்தனை பாரத்தையும் மறுபடி எழுதினாள், ஆம்பளை பேர் போட்டு. அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் பொடிப்பொடியாக என்னமோ கிறுக்கியிருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எங்கள் பேர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து உப்பளத்தில், தையில், மழை முடிந்து பாத்தி வேலை தொடங்குவதற்கு முன்னால் கரையோரம் நிற்கிற கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்போம். கல்லுக்குப் பேர் கரைகாத்தாள். அன்றைக்கு அவள் கதையைச் சொல்லியாகணும். சொல்வது எங்கள் வீட்டு உரிமை. என் அம்மா சொன்னாள், அவளுக்கு அப்புறம் நான். சொல்லி முடித்ததும் முதல் தாம்பூலம் முதலாளி கையால் எனக்கு. எனக்கு அப்புறம்தான் மேஸ்திரிக்கே. அந்தத் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கிறபோது என் நடையைப் பார்த்திருக்கணும் நீங்கள்.

கதை இதுதான். இப்போதைய முதலாளியின் முப்பாட்டன், நாங்கள் பெரியவர் என்போம், அவர்தான் முதன்முதலில் இங்கே பாத்தி கட்டி உப்பு எடுத்தவர். வெள்ளை மலை மாதிரி உப்பு அம்பாரம் நிற்கிறது. பருவம் தப்பி மழை கொட்டி, பக்கத்துக் கழுவெளி ஏரித் தண்ணீர் ஏறிக் கரை உடைகிறது. பெரியவர் ஆள் கூட்டிவர ஊருக்கு ஓடுகிறார். அவர் சம்சாரம் ஒத்தையாக நின்று, சேலையை இழுத்துச் செருகி, ஈரமண்ணை வெட்டிக் கூடையில் ரொப்பித் தலையில் வைத்துக்கொண்டு ஓடி ஓடி உடைப்பில் கொட்டுகிறாள். ஏழு கூடை. மண் நிற்கவில்லை. எட்டாவதாகத் தானே உடைப்பில் படுத்துவிடுகிறாள். சேறு அவளை மூடுகிறது. கரை நின்றது, உப்பு பிழைத்தது. பெரியவர் வந்து பார்த்துக் கதறி, அந்த இடத்தில் கல் நட்டார்.

நான் சொன்னால் அழாத பொம்பளை கிடையாது.

கடல் வந்த வருஷம் பொங்கல் மாசிக்குத் தள்ளிப்போனது. டீச்சர் எட்டுப் பெண்களை நோட்டும் கையுமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊரே அழுதுகொண்டிருந்தபோது அந்த எட்டுப் பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அம்மா, பெரியவர் ஆள் கூட்டிவரப் போனாரில்ல, ஊர் எவ்ளோ தூரம்?"

"கூப்பிடு தூரம்."

"அவரு போய்த் திரும்பறதுக்குள்ள அவங்க ஏழு கூடை கொட்டிட்டாங்களா?"

"ஆமா."

"எத்தினி பேரைக் கூட்டியாந்தாரு?"

"அது கதையில வராது."

"ஆளே வரலியா?"

"சாமிகிட்டப் போய்க் கேளு!" என்று தட்டை டங்கென்று வைத்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன். ராஜா கதைக் கிழவர் மாதிரி எனக்கு ஆக்கிப்போட ஆள் இல்லையே.

புது வருஷப் படிப்பு தொடங்கியதும் பெண்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போட்டார்கள். சுமதி பரீட்சையில் தேறியும் காலேஜ் சேர்க்க வழியில்லாமல் வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் அவளை ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாள் டீச்சர். 'கரை யாருடையது' என்று தலைப்பு. சுமதி எனக்கே உட்கார்ந்து படித்துக் காட்டினாள். எல்லாம் அன்றைக்கு என் வீட்டில் கேட்ட கேள்விதான். கடைசி வரி மட்டும் அவளே எழுதியது: அவள் செத்தது அவருடைய உப்புக்காக. அவளை அம்மனாக்கினவர்கள் அவள் பேரில் ஒரு பாத்தியாவது எழுதிவைத்தார்களா?

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் யார் தெரியுமா? நம்ம முதலாளிதான். வகுப்பறை பெஞ்சு அத்தனையிலும் அவர் பேர்தான் எழுதியிருக்கும். பிள்ளைகள் அவர் பேர் மேல்தான் உட்கார்ந்து படிக்கும். யாரோ அவருக்கு அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மேஸ்திரி குடையோடு வந்தான். "பெரிம்மா, நாளைக்கு ஸ்கூல்ல மீட்டிங்கு. நீங்க வந்து கதையை உள்ளபடி சொல்லிட்டு, பொண்ணுங்க திரிச்சிட்டாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"போதும்னா?"

"டீச்சரை தூக்கிடுவாங்க. ராமநாதபுரம் பக்கமா எங்கனா போடுவாங்க. மொதலாளி பேசிட்டாரு."

எனக்கும் கோபம் இருந்தது, மறைக்கமாட்டேன். என் அம்மா வாயிலிருந்து என் வாய்க்கு வந்த கதையில் ஓட்டை இருக்கிறது என்று நேற்றுப் பிறந்ததுகள் எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்? வர்றேன் என்றேன். டீச்சருக்கு அது தெரிந்துவிட்டது. சாப்பிடுகிறபோது என்னைப் பார்க்காமலே சொன்னாள், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுங்கம்மா." கெஞ்சியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஹெட்மாஸ்டர் ரூமில் முதலாளி, ஹெட்மாஸ்டர், மேஸ்திரி, சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். டீச்சர் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே சுமதியின் அம்மாவும் இன்னும் சில உப்பளத்துப் பொம்பளைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நீ கதையைச் சொல்லு. உள்ளபடி" என்றார் முதலாளி.

சொன்னேன். மைக் இல்லாமலே நாலு வகுப்புக்குக் கேட்கும் என் குரல். மழை பெய்தது, கழுவெளி ஏறினது, கரை உடைந்தது, பெரியவர் ஊருக்கு ஓடினார். "அவ ஒத்தையா நின்னா. ஈரமண்ணை வெட்டினா. கூடையில ரொப்பினா. தூக்கித் தலையில..."

நின்றுவிட்டேன்.

எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தைத் தடுக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு, டீச்சர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, என் கழுத்துக்கு முதலில் தெரிந்துவிட்டது. ரொப்பின ஈரமண் கூடையை எவளும் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் உப்பளத்தில் எங்களை ஜோடி ஜோடியாக விடுவார்கள். ஒரு ஆள் எதிரே நின்று தூக்கிவிட்டால்தான் கூடை தலைக்கு வரும். காய்ந்த உப்பையே அப்படித்தான் ஏற்றுவோம். மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இன்னாம்மா, சொல்லு" என்றார் முதலாளி.

"ஐயா, ஈரமண் கூடைங்க. தூக்கிவிட ஆள் வேணுமே. தூக்கிவிட்டது யாரு?"

ஜன்னலுக்கு வெளியே, "அதானே!" என்றாள் சுமதியின் அம்மா.

ஹெட்மாஸ்டர் கனைத்தார். "அந்தக் காலத்துப் பெண்கள் தேக பலம் உள்ளவர்கள்."

"நான் இந்தக் காலத்துலதான் சார் முப்பது வருஷம் சுமந்தேன். என்னால முடியாதது அவளால முடியுமா?"

"கூடை சின்னதா இருந்திருக்கும்" என்றார் சங்கத்து ஆள் ஒருத்தர்.

"சின்னக் கூடையில ஏழு தடவை கொட்டினா உடைப்பு அடையுமா? அந்த மண்ணுல பல்லுதான் வெளக்கலாம்."

வெளியே சிரிப்பு. முதலாளிக்குக் கோபம் ஏறிவிட்டது. பள்ளிக்கூட வாய்க்காலிலிருந்து மண் வெட்டிக் கூடையில் கொண்டுவரச் சொன்னார். வாசலில் வைத்தார்கள். மேஸ்திரியைப் பார்த்து, "ஏம்பா, நீ தூக்கு" என்றார். பாவம் மேஸ்திரி, அவனும் உப்பளத்தில் வளர்ந்தவன்தான், முடியாது என்று அவனுக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் முடியாது. முட்டிபோட்டுப் பார்த்தான். இடுப்பு வரைக்கும் வந்தது. மார்பு வரைக்கும் முக்கினான். அதற்கு மேலே கை திரும்பவில்லை. கூடை சரிந்து, மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் பாதி மண்ணும், பாலிஷ் போட்ட செருப்பில் மீதியும் இறங்கியது.

முதலாளி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அப்போ... பெரியவரு ஊருக்குப் போகல. அங்கியேதான் இருந்திருக்காரு."

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். டீச்சர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முதலாளிக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அவருதான்யா தூக்கிவிட்டிருக்காரு! ஏழு கூடையும்! நாலு தலைமுறையா எங்க பெரியவருக்கு அந்தப் பேரே கெடைக்காமப் போச்சே!"

ஹெட்மாஸ்டர் மண் கையோடு கைதட்டினார். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மறைந்து கிடந்த உண்மையைப் பெண்களைக்கொண்டு ஆராய்ச்சி செய்து வெளிக்கொண்டுவந்த டீச்சருக்குச் சங்கத்தின் பாராட்டு. மாற்றல் பேச்சை விட்டுவிடலாம். வருகிற தையில் பெரியவருக்கும் ஒரு கல்.

மாடிக்கு வந்ததும் டீச்சர் வெடித்தாள். "நான் கேட்ட கேள்விக்கு இதாம்மா பதில்? அவளைக் காணோம்னு தேடினா அவருக்குக் கல்லா?" எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் அழுகிறாள் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். "அம்மா, அந்தக் கதையை நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

"நான் சொல்லலைன்னா மேஸ்திரி சொல்லுவான். ஆளுங்க வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி சொல்லுவான். பரவால்லியா?"

தை பிறந்ததும் மேஸ்திரி மறுபடி வந்தான், இந்தத் தடவை குடை இல்லாமல். "பெரியவரு தூக்கிவிட்டதை வுட்டுடாம சொல்லணுமாம். வார்த்தை மாறிச்சுன்னா, உங்க வீட்டு உரிமையும் போயிடும், டீச்சரம்மா மாத்தல் பேப்பரும் மறுபடி மேல போயிடும்னு சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல பெரிம்மா, அவரு."

"ஒரு வார்த்தை வுடமாட்டேன்னு போய்ச் சொல்லு" என்றேன். மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர், விறுவிறுவென்று மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை.

பொங்கலன்றைக்குக் கரையில் இரண்டு கல். கரைகாத்தாள் கல் முழங்கால் உயரம். பெரியவர் கல் இடுப்பு உயரம், பாலிஷ் போட்டது, ஜரிகை வேட்டி சுற்றியிருந்தது. முதலாளி புதுச் சட்டையில் நின்றார். பக்கத்தில் தாம்பூலத் தட்டு. டீச்சர் பொம்பளைகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கழுவெளிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டுகூட எடுத்துவரவில்லை.

ஆரம்பித்தேன். மழை, வெள்ளம், உடைப்பு.

"பெரியவரு ஊருக்குப் போகல. அங்கியேதான் இருந்தாரு."

முதலாளி தலையை ஆட்டினார்.

"அவ மண்ணை வெட்டினா. கூடையில ரொப்பினா. பெரியவரு எதிர்ல நின்னு தூக்கி அவ தலையில வெச்சாரு. அவ ஓடிப் போய்க் கொட்டினா. ஓடி வந்தா. ரொப்பினா. பெரியவரு தூக்கிவிட்டாரு."

ஏழு கூடையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் பெரியவர் தூக்கிவிட்டார். மூணாவது கூடைக்கு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சாவது கூடைக்குப் பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். டீச்சர் கழுவெளியிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"ஏழு கூடை ஆச்சு. மண்ணு நிக்கல. உப்பு கரையுது. கூடை கீழ கெடக்குது. கரைமேல ரெண்டு பேரு. ஒரு ஆள் படுத்தாத்தான் தண்ணி நிக்கும். அவ அவரைப் பாத்தா. அவரு உப்பைப் பாத்தாரு."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினேன். எனக்கு வயசாகிறது.

"அவ படுத்தா. அவரு நின்னாரு."

இந்த இடத்தில்தான் எல்லாரும் அழ ஆரம்பிப்பார்கள். ஒருத்தியும் அழவில்லை. முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி எந்த வார்த்தை மாறியது என்று விரல் விட்டு எண்ணித் தேடிக்கொண்டிருந்தான். ஒன்றும் மாறவில்லையே.

பின்னாலிருந்து டீச்சர் கேட்டாள், குழந்தை கேட்கிற மாதிரி, "அப்புறம்?"

"அப்புறம் இன்னா டீச்சர்," என்றேன், "அவரு மொதலாளி ஆனாரு."